புதுப்பிப்பு: 221-இல் உச்சி வந்தால் போதுமா?

கொலாஜன் புரதத்தின் முச்சுருளை (மூன்று இழைகள் முறுக்கிய வடிவம்) வட்ட இருநிறமானியில், அதாவது வட்ட முனைவுற்ற ஒளியை மாதிரி உறிஞ்சுவதை அளக்கும் கருவியில், பார்க்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். “221 நானோமீட்டரில் உச்சி தெரிகிறது, மடிப்பு சரிதானே?” என்று பலர் கேட்டீர்கள். போதாது. அது சராசரிக் கணக்கு. பாதி அவிழ்ந்த மாதிரியும் சிறிய உச்சி காட்டும்.

கூடவே, புரதத்தை வெட்டும் நொதிகளான டிரிப்சின், கைமோடிரிப்சின் கொண்டு நொதிச் சோதனை செய்யுங்கள். மாதிரியை 0.4 மோலார் உப்பு சேர்ந்த டிரிஸ் (pH-ஐ நிலையாக வைக்கும்) கரைசலில் pH 7.4-க்குக் கொண்டுவந்து, 20 டிகிரியில் மில்லிலிட்டருக்கு டிரிப்சின் 100, கைமோடிரிப்சின் 250 மைக்ரோகிராம். இரண்டே நிமிடம். உடனே சோயா டிரிப்சின் தடுப்பானை ஊற்றி, எஸ்டிஎஸ் (புரதத்தை அவிழ்க்கும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்துக் கொதிக்கவைத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுங்கள். இறுக்கமான முச்சுருள் நொதியின் வெட்டுமிடத்துக்குள் நுழையாது. ஜெல்லில் ஆல்ஃபா பட்டைகள் (கொலாஜனின் முழு இழைகள்) அப்படியே நிற்கும். அவிழ்ந்த பகுதி துண்டாகிவிடும்.

பெரும்பாலும் ஏமாற்றுவது அமிலம்தான். கொலாஜனைக் கரைத்த அசிட்டிக் அமிலம் மிச்சமிருந்தால் டிரிப்சின் வேலையே செய்யாது, கெட்ட மாதிரியும் தேறிவிடும். அதனால் 60 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கிய அதே மாதிரியை ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வையுங்கள். நொதி சேர்த்ததும் அதன் ஆல்ஃபா பட்டைகள் முழுதும் மறைய வேண்டும். ஆறவிட்டு வைக்காதீர்கள், குளிரில் ஓரளவு திரும்ப மடியும்.

உருகுநிலையை (முச்சுருள் பாதி அவிழும் வெப்பநிலை) எழுதும்போது சூடேற்றிய வேகத்தையும் எழுதுங்கள். வேகம் கூடினால் அந்த எண்ணும் ஏறும்.