ஸ்பிளெண்டர் பைக்கோட பின் டயர்: முன் டயரையே போட்டுக் காசு மிச்சம் பண்ணலாமா?

மன்னார்குடி:
வணக்கம். என்னோடது பழைய ஸ்பிளெண்டர். கம்பி வீல், டியூப் டயர். பின் டயர் நடுவுல வழுக்கையாயிடுச்சு. டயர், டியூப், கூலி சேர்த்து 2,400 கேக்குறாங்க. "முன்னாடியும் இதே 2.75-18 சைஸ்தான், முன்னாடி போடுற புது டயரையே பின்னாடி போட்டுத் தர்றேன், 400 ரூபா குறையும்"ங்கிறாரு கடைக்காரர். போடலாமா? இல்ல சம்பா அறுத்துக் காசு வர்ற வரைக்கும் தள்ளலாமா?

திருவாரூர், மெக்கானிக்:
வேணாம் தம்பி. சைஸ் ஒண்ணுதான், தாங்குற எடை வேற. டயர் பக்கவாட்டுல பாருங்க: முன்னாடி 42பி, பின்னாடி 48பி-ன்னு இருக்கும். 42-ன்னா 150 கிலோ, 48-ன்னா 180 கிலோ. ரெண்டு யூரியா மூட்டை ஏத்துனாலே 90 கிலோ வந்துடுது, அதுக்கு மேல நீங்க உக்காரணும். முன் டயர் பட்டன் (ரோட்டுல படுற வெட்டு) வேற, கோடு கோடா இருக்கும், சேத்துல பிடிக்காது.

நீடாமங்கலம்:
கேஜ் வீல் (சேத்துழவுக்குப் போடுற இரும்புச் சக்கரம்) டிராக்டர் ரோட்டுல ஏறிச் சேத்தைக் கொட்டிட்டுப் போன பின்னாடி, ஒரு தூறல் போட்டாப் போதும், நல்ல டயரே வழுக்கும். பட்டன் பள்ளத்துக்குள்ள இருக்குற, தேய்மானத்தைக் காட்டுற டி.டபிள்யூ.ஐ. மேடு பட்டனோட சமமாயிடுச்சுன்னா தள்ளவே தள்ளாதீங்க.

கும்பகோணம்:
டியூப்லெஸ் போட்டுருங்களேன், டியூப் காசு மிச்சம்.

திருவாரூர், மெக்கானிக்:
கம்பி வீல்ல, கம்பியை ரிம்முல பூட்டுற நிப்பிள் ஓட்டை வழியா காத்துப் போயிடும் அண்ணே. அதுலயும் டியூப் போட்டுத்தான் ஆகணும்.

தம்பி, மிச்சம் பிடிக்கிற இடமே வேற. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து டயருக்கு ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி 1,920-க்கு வித்த டயர் இப்ப 1,770 ஆகணும். பழைய விலை அச்சடிச்ச டயரைக் காட்டி அதே ரூபாயைக் கேட்டா, பில்லு போடச் சொல்லுங்க. தன்னால இறங்கும். அடுத்தது தேதி. பக்கவாட்டுல 4 இலக்கம் இருக்கும், 2825-ன்னா 2025-ல 28-வது வாரம் செஞ்சது. ஒரு வருசத்துப் பழசுன்னா பேரம் பேசுங்க. நிழல்ல இருந்ததா இருந்தா தாராளமா வாங்கலாம், வாசல்ல வெயில்ல தொங்குனது வேணாம்.

கூலியும் குறையும். வீட்டுலேயே வீலைக் கழட்டி பஞ்சர் கடைக்குக் கொண்டு போனா, டயர் மாத்துற கூலி மட்டும்தான். வீல் வெளியில இருக்கும்போதே பிரேக் ஷூ, டிரம், ஹப் ரப்பர் எல்லாம் பாத்துருங்க. இல்லன்னா அதுக்குன்னு ஒருதரம் கழட்டணும்.

மன்னார்குடி:
ரொம்ப நன்றி அண்ணே. டியூப் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு ஒட்டுதான். அதையே போட்டுக்கலாமா?

திருவாரூர், மெக்கானிக்:
புதுசு போடுங்க. பழைய டியூப் விரிஞ்சு போயிருக்கும், புது டயருக்குள்ள மடிப்பு விழுந்து அந்த இடத்துலயே கிழியும். ரிம் டேப் (நிப்பிள் டியூப்பைக் குத்தாம ரிம்முல சுத்துற பட்டை) இத்துப் போயிருந்தா அதையும் மாத்துங்க, சின்ன காசுதான். டயர்ல அம்புக்குறி இருந்தா அது வீல் சுத்துற பக்கத்தைக் காட்டணும், பூட்டுறதுக்கு முன்னாடியே பாருங்க.

நீடாமங்கலம்:
பழைய டியூப்பைக் கடையில விட்டுட்டு வராதீங்க தம்பி. கீறி வச்சா மூட்டை கட்ட அதை மாதிரி கயிறு கிடையாது.