காந்தத்துக்கு எதற்கு விரக்தி?

> குவாண்டம் பொருள்கள் பாடக்குறிப்பில் ‘frustration’ என்ற சொல்லுக்கு ‘வடிவியல் விரக்தி’, ‘விரக்தியுற்ற காந்தம்’ என்றே போடலாமா?

வேண்டாம். விரக்தி என்பது மனம் வெறுத்துப்போவது. இங்கே யாரும் எதையும் வெறுக்கவில்லை. முக்கோணத்தின் முனைக்கொரு ஸ்பின் (அணுவின் குட்டிக் காந்தம்), மேல் அல்லது கீழ் என இரண்டே திசை, அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க வேண்டும். முதலாவது மேல், இரண்டாவது கீழ். மூன்றாவது? இருதலைக்கொள்ளி எறும்பு! 8 நிலைகளையும் எழுதிப் பாருங்கள்: J என்பது ஒரு பிணைப்பின், அதாவது ஓர் அண்டை ஜோடி இணைப்பின், வலிமை என்றால் 6 நிலைகளின் ஆற்றல் −J, மற்ற இரண்டுக்கு +3J. அந்த ஆறில் எதை எடுத்தாலும் ஒரு பிணைப்பு நிறைவேறாமல் கிடக்கும்.

என் பரிந்துரை ‘அல்லாட்டம்’. வினைத்தொகையாக ‘அல்லாடுகாந்தம்’ (க் மிகாது), எதிர்மறைக்கு ‘அல்லாடாக் காந்தம்’ (மிகும்). ‘ஒவ்வாமை’யையும் யோசித்தேன், தும்மல்தான் நினைவுக்கு வருகிறது.

> அல்லாடுவது என்றால் அசைவு அல்லவா? எத்திசையிலும் திரும்பக்கூடிய ஹைசன்பர்க் ஸ்பின்கள் முக்கோண அணிக்கோவையில் (lattice) 120° கோணத்தில் சமரசமாகி அசையாமல் நின்றுவிடுமே.

கடனுக்கு அல்லாடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியும் அல்லாடலாம். அசைவைச் சொல்ல ‘ஏற்ற இறக்கம்’ (fluctuation) தனியே இருக்கிறது, இரண்டையும் கலக்க வேண்டாம்.

பாடத்தில் பிழை வருவது வேறு இடத்தில். அல்லாடுவது தனி ஸ்பின் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். சிலர் மாசு அணுக்களைக் காரணம் காட்டுகிறார்கள். 1977-இல் இயற்பியலாளர் துலூஸ் தெளிவாக்கியது இதைத்தான்: வளையத்தைச் சுற்றிப் பிணைப்புகளின் குறிகளைப் பெருக்கு, எதிர்க்குறி வந்தால் அந்த வளையம் அல்லாடுகிறது. எதிர் ஃபெர்ரோ பிணைப்பு, அதாவது அண்டை ஸ்பின்களை எதிரெதிராக நிற்கச் சொல்வது, ஒவ்வொன்றும் எதிர்க்குறி. முக்கோணத்தில் மூன்று, பெருக்கல் எதிர். சதுரத்தில் நான்கு, பெருக்கல் நேர், அல்லாட்டமில்லை. ஆகவே வரையறையில் ‘அல்லாடும் வளையம்’ என்றே எழுதுங்கள். பிணைப்புக்கு ‘நிறைவேறாப் பிணைப்பு’ போதும்.

> அளவிடும் எண்ணுக்கு?

‘அல்லாட்ட எண்’. ஸ்பின்களுக்கிடையிலான பிணைப்பின் வலிமையைக் காட்டும் கியூரி–வெய்ஸ் வெப்பநிலையின் எண்மதிப்பை, ஸ்பின்களிடையே ஒழுங்கு பிறக்கும் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் பலத்த அல்லாட்டம். கூடைப்பின்னல் (kagome) அணிக்கோவை கொண்ட ஹெர்பர்ட்ஸ்மித்தைட் என்ற கனிமத்துக்குக் கியூரி–வெய்ஸ் எண்மதிப்பு சுமார் 300 கெல்வின், 0.05 கெல்வின் வரை குளிர்வித்தும் ஒழுங்கு தென்படவில்லை. வகுக்க எண்ணே இல்லாததால் அங்கே ‘6000-க்கு மேல்’ என்றுதான் எழுத முடியும். ‘6000’ என்று எழுதினால் தவறு.