பழைய டெஸ்க்டாப்பில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: பவர் கனெக்டர் பொருந்தவில்லை

பெரம்பூர்வாசி:
வணக்கம் நண்பர்களே. 2010-இல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர், ஜி41 மதர்போர்டு, விண்டோஸ் 7. உள்ளே இருக்கும் 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது. அக்கா கல்யாண வீடியோ, பாட்டி இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அதனால் அதைக் கழற்ற மனசு வரவில்லை. கூடுதலாக 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி வந்து கேபினட்டைத் திறந்தால், போர்டில் சாட்டா போர்ட் (டிஸ்க்கின் டேட்டா கேபிளைச் செருகும் இடம்) இரண்டு காலியாக இருக்கிறது, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வரும் தட்டையான பவர் கனெக்டர் இரண்டையும் பழைய டிஸ்க்கும் டிவிடி டிரைவும் எடுத்துக்கொண்டன. மிச்சம் இருப்பது நான்கு பின் வெள்ளைக் கனெக்டர்தான். எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்ற வேண்டுமா? போர்டு பழைய சாட்டா 2, டிஸ்க் அதற்கு அடுத்து வந்த சாட்டா 3, ஒத்துப்போகுமா?

சூளைமேடு:
ஒத்துப்போகும். சாட்டா 2-இன் வேகமே நொடிக்கு 300 எம்பி வரை, சுழலும் டிஸ்க் அதைத் தொடப்போவதில்லை. எஸ்எம்பிஎஸ் நல்ல நிலையில் இருந்தால் மாற்ற வேண்டாம். டிவிடி போட்டுப் பார்த்து எத்தனை நாளாயிற்று? அதைக் கழற்றி அந்தப் பவர் கனெக்டரைப் புது டிஸ்க்குக்குக் கொடுத்துவிடுங்கள், செலவே இல்லை. டிவிடி வேண்டும் என்றால் நான்கு பின்னிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வர்ட்டர் வாங்கலாம், ஆனால் அதன் தலையை நன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாகச் செருகிக் கவ்வியிருப்பதை வாங்குங்கள். ஒயரைச் சுற்றி பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்தது வேண்டவே வேண்டாம், அதில் உள்ளே ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கும். என்னுடையது அப்படித்தான் ஒருநாள் கருகிய வாடை வந்தது, பிடுங்கிப் பார்த்தால் பாதி உருகியிருந்தது. அப்புறம், கை வைக்கும் முன் சுவரிலிருந்து பிளக்கை எடுத்துவிடுங்கள்.

பெரம்பூர்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா, டிவிடியைக் கழற்றிவிட்டேன். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) புது டிஸ்க் பெயர் வருகிறது, விண்டோஸில் மட்டும் காணவில்லை. டிஸ்க் கோளாறா?

திருவான்மியூர்:
கோளாறு இல்லை, புது டிஸ்க் அப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து மேனேஜ், அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட். இனிஷியலைஸ் செய்யவா, அதாவது டிஸ்க்கை முதல்முறை தயார் செய்யவா என்று கேட்கும், அதற்கான இரண்டு முறைகளில் 2 டிபிக்கு எம்பிஆரே போதும், அதைவிடப் பெரியதென்றால்தான் ஜிபிடி கட்டாயம். பிறகு கறுப்புப் பட்டையாக அன்அலகேட்டட் (இன்னும் ஒதுக்காதது) என்று இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம், ஃபார்மேட் என்டிஎஃப்எஸ். பட்டையின் அளவைப் படித்துவிட்டுக் கை வையுங்கள், சுமார் 1863 ஜிபி காட்டுவதுதான் புதியது. 465 ஜிபி காட்டுவது பாட்டி படம் இருக்கும் டிஸ்க், அந்தப் பக்கமே போகாதீர்கள். படங்களைக் கட் செய்யாமல் காப்பி செய்யுங்கள், இரண்டிலும் இருக்கட்டும். ஆனால் இரண்டும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் ஓடுகின்றன, அது அடிவாங்கினால் இரண்டும் சேர்ந்தே போகலாம், அதனால் பாட்டி படங்களை மட்டுமாவது ஒரு பென் டிரைவில் ஏற்றி அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள்.