மொறிஸ் மைனரில் மிஞ்சியவை

போன மாதம் 36 படங்கள் கொண்ட ஒரு இல்ஃபோர்ட் எச்பி5 கறுப்பு வெள்ளைப் பிலிம் ரோல் முழுவதையும் மூன்று பொருட்களுக்காகவே முடித்தேன். சுற்றிக் காரை ஸ்டார்ட் பண்ணும் இரும்புக் கைப்பிடி, எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து விடும் எஸ்யு கார்பரேற்றர், ஒரு சின்ன மருந்துப் போத்தல். அப்பப்பாவின் மொறிஸ் மைனர் காரில் எங்களிடம் இருப்பவை இவ்வளவுதான்.

அது 948 சிசி மொடல். திரும்பும்போது, இன்றைய சிக்னல் லைற்றுக்குப் பதிலாக, கதவுத் தூணில் இருந்து செம்மஞ்சள் கை ஒன்று எட்டிப் பார்க்கும். 1961க்குப் பிறகு வந்த மைனர்களில் அது இல்லை. சின்ன வயதில் எனக்குக் காரே அந்தக் கைதான்.

1990இல் போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்ததும் பெற்றோல் இல்லை, பற்றரியும் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பெற்றோல் இருந்தது இந்தப் போத்தலில். அப்பப்பா அதை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

கைப்பிடியை முதன்முதலாகத் தொட விட்ட அன்று அவர் சொன்னது: "பெருவிரலைச் சுத்திப் பிடிக்காதை. மற்ற விரலோடை சேத்து வை. எஞ்சின் திருப்பி அடிச்சா விரல் முறிஞ்சு போம்." இப்போதும் அதைத் தூக்கும்போது என் பெருவிரல் தானாக ஒதுங்கிக்கொள்கிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு. மழை. ராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே ஊரை விட்டு, கிழக்கே தென்மராட்சியை நோக்கி நடந்தது. காருக்குள் அப்பாச்சி, பாய், அரிசி மூட்டை. செம்மணிக்குக் கிட்டச் சனம் நெருக்கியதில் கார் நின்றுவிட்டது. எஞ்சின் ஆறிப்போனது. போத்தலில் ஒரு துளி இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் முன்பின் தெரியாத இரண்டு பேரும் நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை தள்ளினார்கள். அப்பப்பா ஜன்னலுக்குள்ளால் கைவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தார். பிறகு கார் வீடு திரும்பியது, சில வருடங்களில் விற்கவும் பட்டது.

படம் எடுத்தது காலை ஏழு மணி வெளிச்சத்தில், பனையோலைப் பாயில் வைத்து. துருவைத் துடைக்க மனம் வரவில்லை. முதலில் மூன்றையும் ஒன்றாக அடுக்கினேன், கடைச் சாமான் மாதிரி இருந்தது. அப்புறம் போத்தலைத் தனியே தள்ளி வைத்தேன். அது சரி.

பிலிம் கழுவுவதுதான் பாடு. மருந்துக் கரைசல் 20 பாகையில் இருக்க வேண்டும், எங்கள் கிணற்றுத் தண்ணீரோ அதைவிட எவ்வளவோ சூடு. ஐஸ் கட்டி போட்ட வாளிக்குள், பிலிமும் கரைசலும் இருக்கும் ராங்கை வைத்துக் குளிராக்கினேன். இன்னொன்று, நம்முடைய தண்ணீரில் சுண்ணாம்பு. முதல் ரோல் காய்ந்தபோது நெகற்றிவ் முழுக்க வெள்ளைப் புள்ளி. இப்போது கடைசி அலசலுக்குக் கராஜில் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் வாங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் பிலிம் கழுவுகிற எல்லோரும் இதைச் செய்து பாருங்கள், புள்ளி விழாது.

அடுத்த ரோல் கலர், கொடாக் கோல்ட் 200. அந்தச் செம்மஞ்சள் கைக்காக வாங்கி வைத்திருக்கிறேன். கை இன்னும் எழும்புகிற மைனர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கழற்ற வேண்டாம், கார் நிற்கிற இடத்துக்கே வந்து எடுக்கிறேன்.