லண்டன் ஷவர் ஹீட்டர், என்ன வயர் போடவேணும்? அவசரம்

முள்ளியவளையான்:
வணக்கம். லண்டனில இருந்து மாமாவையள் வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வருகினம், வரமுதலே பெட்டியில ஒரு எலக்ட்ரிக் ஷவர் போட்டு அனுப்பியிட்டினம், பாத்ரூமில பூட்டி வைக்கட்டாம். மோட்டர் திருத்த வாற பெடியன் மோட்டர் லைனிலயே குடுக்கலாம், பிரேக்கரை மட்டும் பெரிசா மாத்தினாச் சரி எண்டுறான். எனக்கு மனம் கேக்குதில்லை. என்ன வயர் வாங்க? பத்து நாள்தான் கிடக்கு.

பரந்தன்சந்தி:
எத்தினை கிலோவாட்? மெயின் பிரேக்கரில என்ன நம்பர்? மெயினில இருந்து பாத்ரூம் எவ்வளவு தூரம்? இதொண்டும் சொல்லாமல் வயர் கேட்டா என்னெண்டு சொல்லுறது.

குளக்கட்டு:
வைகாசியில வன்னியில சுடுதண்ணியோ. என்ர டாங்கில பின்னேரம் பைப்பைத் திறந்தா அரிசி அவியும்.

கரண்ட்_டோகா:
இதுக்கு நான் நாலுதரம் பதில் எழுதியாச்சு, ஒருத்தரும் தேடிப் பாக்கிறேல்லை. ஓமின்ர விதி தெரியாதவை வயரில கை வைக்கக்கூடாது. வாட்டை வோல்ட்டால பிரிச்சா ஆம்பியர், ஐஞ்சாம் வகுப்புக் கணக்கு.

குளக்கட்டு:
அண்ணை அது ஓமின்ர விதி இல்லை.

முள்ளியவளையான்:
சொறி சொறி. 9.5 கிலோவாட், 240 வோல்ட் எண்டு போட்டிருக்கு. வீட்டுத்திட்ட வீடு, பாத்ரூம் பின்னுக்குத் தனிய, 60 அடி வரும். மெயினில நம்பர் தேஞ்சுபோச்சு.

பரந்தன்சந்தி:
அப்ப கேளுங்கோ. 9.5 எண்டுறது 240 வோல்ட்டுக்கு. எங்கட 230 இல அது 8.7 அளவில வரும், 38 ஆம்பியர் இழுக்கும். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு மின்சார சபை தாறது அநேகமா 30 ஆம்பியர், அதாவது 6900 வாட், அதுக்குள்ளதான் பிரிட்ஜும் மோட்டரும் அயனும். மோட்டர் லைன் 7/0.67 ஆ இருக்கும், அதாவது 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு, மொத்தம் 2.5 சதுர மில்லி. அதில 40 பிரேக்கரைப் போட்டா பிரேக்கர் விழாது, வயர்தான் உருகும். அந்தப் பெடியனைக் கிட்டயும் எடுக்காதேங்கோ. இங்கிலாந்தில இந்தச் சாமானுக்கு 10 சதுர மில்லி வயர், எங்கட கணக்கில 7/1.35, மெயின் போர்ட்டில இருந்து தனி லைன், 40 பிரேக்கர், கரண்ட் கசிஞ்சா வெட்டுற 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிச், லைவ், நியூட்ரல் ரெண்டையும் சேத்து வெட்டுற கயிறு இழுக்கிற சுவிச், இவ்வளவும் போடுவினம். பிளக் கதையே இல்லை, 13 ஆம்பியர் பிளக் 3 கிலோவாட்டோட சரி.

மாங்குளம்77:
திரீ பேஸ் எடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.

பரந்தன்சந்தி:
முடியாது. 30 ஆம்பியர் திரீ பேஸ் எண்டா ஒவ்வொரு பேஸிலயும் 30 தான். இது சிங்கிள் பேஸ் சாமான், ஒரு பேஸிலதான் 38 ஐயும் இழுக்கும். 60 எடுத்தாத்தான் சரிவரும், பத்து நாளில கிடைச்ச மாதிரித்தான்.

கரண்ட்_டோகா:
எல்லாரும் வயரையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள், எர்த்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. எர்த் கம்பிக்கு உப்பும் கரியும் போட்டு நாலு அடி தாட்டா ட்ரிப் சுவிச்சே தேவையில்லை. 22 வருசமா இந்த வேலை செய்யிறன்.

நெடுங்கேணியான்:
அண்ணை உப்பு கம்பியை அரிச்சுப்போடும், ரெண்டு மாரி தாங்காது. எங்கட அம்மம்மா வீட்டில தோண்டிப் பாக்க நூல் மாதிரித்தான் கிடந்தது.

கரண்ட்_டோகா:
அது கம்பி பிழை. செப்புக் கம்பி போடுங்கோ.

நெடுங்கேணியான்:
ஆர் காசு குடுக்கிறது. கேபிளையே அறுத்துக்கொண்டு போறாங்கள், செப்பைத் தாட்டா விடியக் கிடக்குமோ.

மாங்குளம்77:
நாங்கள் இடம்பெயர்ந்து இருக்கேக்க சைக்கிளைத் தலைகீழாப் பிரட்டி டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டனாங்கள், எர்த்தும் இல்லை ட்ரிப்பும் இல்லை.

குளக்கட்டு:
டைனமோ 6 வோல்ட் அண்ணை, அது ஆரைக் கொண்டது.

பரந்தன்சந்தி:
உப்புச் சண்டையைப் பிறகு பிடியுங்கோ. எங்கட பக்கம் வீட்டுக்கு வீடு சொந்த எர்த் கம்பிதான், வைகாசியில மண் காஞ்சு கிடக்கேக்க கரண்ட் கசிஞ்சாலும் அந்தக் கம்பியால பிரேக்கரை விழுத்திற அளவு ஓடாது. ஆளைக் காப்பாத்திறது ட்ரிப் சுவிச்தான். ஈரத்தோட நிண்டு குளிக்கிற இடம். முள்ளியவளைத் தம்பி, ஷவர் கிடக்கட்டும், முதல் போய் ட்ரிப் சுவிச்சில ரெஸ்ற் பட்டனை அமத்திப் பாருங்கோ. விழவேணும்.

தண்ணிமுறிப்பு:
பிந்தி வாறன். டாங்க் எவ்வளவு உயரம்? அந்த ஷவர்களுக்கு 1 பார் அளவு அமுக்கம் வேணும், அதுக்கு டாங்க் 33 அடி உயரத்தில நிக்கவேணும். 15 அடித் தூணில வைச்சா பாதியும் வராது, ஹீட்டர் வேலை செய்யாது, செய்தாலும் சூடேறிக் கட்டாகும். ஒருத்தரும் தண்ணியைப் பற்றிக் கேக்கேல்லையே. கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு இருந்தா ஹீட்டர் கம்பியில படியிறதும் கிடக்கு.

கரண்ட்_டோகா:
அதைத்தான் நான் சொல்ல வந்தனான்.

குளக்கட்டு:
ஓம் ஓம்.

பரந்தன்சந்தி:
தம்பி என்ன ஆச்சு? பட்டன் அமத்தினீங்களோ?

மாங்குளம்77:
ஆளைக் காணேல்லை. பூட்டிப்போட்டார் போல.

முள்ளியவளையான்:
மன்னிக்கவேணும், பொங்கலோட நேரமில்லை. லைசன்ஸ் உள்ள ஒரு வயரிங்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினன், மெயின் 30 தான். டாங்க் 14 அடி. ட்ரிப் சுவிச் பட்டனுக்கு விழவேயில்லை, எத்தினை வருசமா அப்பிடிக் கிடந்ததோ தெரியாது, அவரைக் கொண்டு புதுசு போட்டாச்சு. ஷவர் பெட்டியோட கட்டிலுக்குக் கீழ. மாமிக்கு அடுப்பில கிடாரம் வைச்சுக் குடுத்தது. எல்லாருக்கும் நன்றி.

ஒட்டுசுட்டான்காரன்:
அந்த ஷவர் விக்கிறீங்களோ?