ஆகஸ்ட் மாதத்தில் இத்தாலியக் கடலோர ஊர்களில் ஏழு பேர் கொண்ட குடும்பம் தங்க வீடு கிடைக்குமா?

கேள்வி: அண்ணாநகர்வாசி, மதுரை

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி இத்தாலியின் தூரின் நகரில் பொறியாளராக வேலை பார்க்கிறான். அவனுடைய தொழிற்சாலை ஆகஸ்ட் நடுவில் இரண்டு வாரம் மூடப்படும் என்பதால், அப்போது குடும்பத்தோடு வரும்படி எங்களை அழைத்திருக்கிறான். அப்பாவுக்கு வயது 70, அம்மாவுக்கு 64. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலை ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு இடங்களில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகளுக்கு 9 வயதும் 4 வயதும் ஆகின்றன. தம்பியையும் சேர்த்தால் நாங்கள் ஏழு பேர்.

கடலைப் பார்த்தபடி ஒரு வாரம் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தம்பி சிங்க்வெ தெர்ரே என்னும் ஐந்து ஊர்களைச் சொல்கிறான். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் இரண்டு பேர் அல்லது நான்கு பேருக்கான வீடுகளே வருகின்றன. ஏழு பேருக்கு என்று வருபவை நாங்கள் ஒதுக்கிய பணத்தை வெகுவாகத் தாண்டுகின்றன. நாங்கள் சைவம் என்பதால் சமையலறை கட்டாயம் வேண்டும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் அங்கே தங்கிய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகர்

தம்பி, உங்கள் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி எழுதியிருப்பதால்தான் இவ்வளவு விரிவாகப் பதில் எழுதுகிறேன். என் மகள் குடும்பம் ஜெனோவாவில் இருந்தபோது நாங்களும் ஓர் ஆகஸ்டில் இதே ஊர்களுக்குப் போனோம். வெர்னாட்சாவில் வீடு எடுத்தோம். விளம்பரத்தில் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது, அது உண்மைதான். அந்த ஐந்து நிமிடமும் படிகள் என்பதை மட்டும் அவர்கள் எழுதவில்லை. வழவழவென்று தேய்ந்த கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், பாதி இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. என் கணவர் இரண்டு பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றி முடிப்பதற்குள் சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. நான் நாற்பதாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்தபிறகுதான் உள்ளேயும் ஒரு குறுகிய ஏணிப்படி இருப்பது தெரிந்தது. அந்த ஒரு வாரத்தில் நான் கடற்கரைக்கு இறங்கியது மூன்று முறைதான். ஜன்னலில் கடல் தெரிந்தது, ஆனால் எட்டவில்லை.

ஆகவே கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன் எத்தனை படி என்று கேளுங்கள். அந்த ஐந்து ஊர்களும் மலைச்சரிவில் கட்டப்பட்டவை. பழைய வீடுகளில் லிஃப்ட் இருப்பது அரிது. கொர்னீலியா கடலிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குப் போக ஏறத்தாழ 380 படிகள் ஏறவேண்டும், அல்லது சிற்றுந்துக்குக் காத்திருக்கவேண்டும். மனரோலாவில் மணற்கரையே கிடையாது. பாறையிலிருந்துதான் தண்ணீரில் இறங்குவார்கள். நான்கு வயதுப் பிள்ளையை அங்கே எப்படி விடுவது? ரியொமஜோரேயின் பெரிய தெருவே செங்குத்தாக ஏறுகிறது. மொந்தெரோஸ்ஸோ ஒன்றில்தான் நீண்ட மணற்கரை உண்டு. அதன் புதிய பகுதியான ஃபெஜீனா சமதளம், ரயில் நிலையமும் அங்கேயே கடலுக்கு எதிரில் இருக்கிறது. அங்கே ஆகஸ்டில் இடம் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் வாடகையும் அதற்கேற்ப இருக்கும்.

நான் சொல்வது லெவாந்தோ. மொந்தெரோஸ்ஸோவுக்கு அடுத்த ரயில் நிலையம், ஐந்து நிமிடப் பயணம். ஊரின் நடுப்பகுதி தட்டையானது, கடற்கரை பெரியது, குடும்பங்கள் தங்கும் அடுக்குமாடி வீடுகள் உண்டு, காய்கறி வாங்கப் பேரங்காடியும் உண்டு. பழைய ரயில் பாதையின் சுரங்கங்களை இப்போது நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் மாற்றியிருக்கிறார்கள். அது லெவாந்தோவிலிருந்து பொனசோலா வரையும் அதற்கப்பால் ஃப்ராமூரா வரையும் போகிறது. கொளுத்தும் வெயிலில் அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் குளிர்காற்றை நான் இன்னும் மறக்கவில்லை. ஏற்றம் இல்லாத பாதை. உங்கள் அம்மா மெதுவாக நடக்கலாம், அப்பா பேத்தியோடு வண்டி ஓட்டலாம். ஐந்து ஊர்களையும் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெனோவா பக்கத்தில் ஃபரினாத்தா என்று ஒன்று விற்பார்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு அவ்வளவுதான். பெரிய செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். குழந்தைகள் அடை போலவே விரும்பிச் சாப்பிடுவார்கள்.

பதில் 2: மேலூர்க்காரன், லா ஸ்பேட்சியா

ஆசிரியை அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் அந்த ஐந்து ஊர்களுக்குப் பக்கத்து நகரமான லா ஸ்பேட்சியாவில் ஆறு ஆண்டுகளாக இருப்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில் தேதி. நமக்குச் சுதந்திர தினமான ஆகஸ்ட் 15 இங்கே ஃபெரகோஸ்தோ என்னும் பெருவிடுமுறை. அதை ஒட்டிய இரண்டு வாரங்களில் இத்தாலி முழுவதுமே கடற்கரைக்கு வந்துவிடும். நண்பகலில் வெர்னாட்சா ரயில் நிலைய நடைமேடையில் நிற்பது, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்தில் நிற்பது போலத்தான். அந்த வாரங்களில் பல வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை முழு வாரமாகத்தான் கொடுப்பார்கள். நான்கு நாளுக்குத் தேடினால் வீடே இல்லாதது போலத் தோன்றும். நீங்கள் ஒரு வாரம் தங்குவதால் சனி முதல் சனி என்று தேடுங்கள். உங்கள் தம்பியின் விடுமுறை 20ஆம் தேதிக்குப் பிறகும் நீளுமானால் அந்தக் கடைசி நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

அடுத்து, ஏழு பேருக்கு ஒரே வீடு என்பதைச் சற்று யோசியுங்கள். ஆறு பேர் தங்கலாம் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் இரண்டு இரட்டைக் கட்டில்களும், சமையலறையை ஒட்டிய கூடத்தில் விரித்துப் படுக்கும் ஒரு சோபாவும் இருக்கும். அந்தச் சோபாவின் நடுவில் ஓடும் இரும்புக் கம்பி முதுகில் குத்தும். என் மாமனார் வந்திருந்தபோது முதல் இரவே எழுந்து, தரையில் போர்வை விரித்துப் படுத்துக்கொண்டார். ஒரே கட்டடத்தில், அல்லது ஒரே தெருவில், நான்கு பேருக்கு ஒன்றும் மூன்று பேருக்கு ஒன்றுமாக இரண்டு சிறிய வீடுகள் எடுப்பது எளிது; இரண்டு குளியலறையும் கிடைக்கும். பெரியவர்களுக்குத் தரைத்தளம் என்று கேட்டு வாங்கிவிடலாம். ஒன்றில் எல்லோருக்கும் சேர்த்துச் சமையுங்கள். குளிர்சாதனம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், பழைய வீடுகள் பலவற்றில் இருக்காது. கைக்குழந்தையைக்கூட ஆள் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு, ஆகவே நான்கு வயது மகனையும் மறக்காமல் எழுதுங்கள்.

விளம்பரத்தில் சி.ஐ.என். என்னும் தேசிய அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்கு இது கட்டாயம். எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி அனுப்பிவிட்டு, வந்து பார்த்தால் அந்த முகவரியில் வேறு யாரோ குடியிருந்தார்கள். வாடகைக்கு மேல் ஆள் ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு என்று உள்ளூர் வரி தனியாக வாங்குவார்கள், அது முறையானதுதான். கடவுச்சீட்டு விவரம் கேட்பதும் முறையானதே, ஏனெனில் விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டியது வீட்டுக்காரரின் கடமை. தூரினில் உங்கள் தம்பியின் வீட்டில் தங்கும்போது அவரும் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும்.

கடற்கரையில் குடை, சாய்வுக் கட்டில் போட்ட பகுதிகளுக்குக் கட்டணம் உண்டு. இலவசப் பகுதியில் நிழல் கிடையாது. அம்மாவுக்காக ஒரு குடையும் இரண்டு கட்டிலும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், அதில் சிக்கனம் பார்க்கவேண்டாம்.

லெவாந்தோவில் இடம் கிடைக்காவிட்டால் எங்கள் லா ஸ்பேட்சியாவுக்கு வாருங்கள். நகருக்குள் குளிக்கக் கடற்கரை இல்லை, துறைமுகம்தான். ஆனால் லிஃப்ட் உள்ள வீடுகள் உண்டு, ரியொமஜோரே ரயிலில் பத்து நிமிடத்துக்குள், லெரீச்சி, போர்த்தோவேனெரே என்னும் கடலோர ஊர்களுக்குப் படகு போகிறது.

பதில் 3: செல்லூர் மகேசுவரி

வடக்கே எல்லாம் நிரம்பிவிட்டால் தெற்கே அமால்ஃபி கடற்கரையையும் பாருங்கள். எல்லோரும் பொசித்தானோ என்றுதான் சொல்வார்கள். அங்கேயும் படிகள்தான், கரையும் கூழாங்கல். நாங்கள் தங்கியது மையோரி. அந்தக் கரையோரத்திலேயே நீளமான கடற்கரை அங்கேதான் இருக்கிறது, கரையை ஒட்டிய சாலை சமமாகப் போகிறது, மாலையில் பெரியவர்கள் உட்காரப் பெஞ்சுகள் உண்டு. ரோமிலிருந்து சலேர்னோவுக்கு அதிவேக ரயில், அங்கிருந்து கோடையில் படகு. மலைப்பாதைப் பேருந்து வளைந்து வளைந்து போகும், கூட்டமும் அதிகம். குழந்தைகளோடு படகே மேல். தூரினிலிருந்து வெகு தொலைவு என்பது மட்டும்தான் குறை.

பதில் 2இன் தொடர்ச்சி: மேலூர்க்காரன்

விசாவைச் சொல்ல மறந்துவிட்டேன். இத்தாலிக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தங்குமிடச் சான்று, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு இரண்டும் கேட்பார்கள். ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வீடாக இப்போதே பதிவு செய்யுங்கள். விசா வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் ஆகஸ்டுக்கு வீடு இருக்காது.

கேட்டவரின் பதில்: அண்ணாநகர்வாசி

ஆசிரியை அம்மாவுக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியிடம் பேசினேன், அவனுக்கு 24ஆம் தேதி வரை விடுமுறை உண்டாம். அதற்குள் முடியும்படி சனி முதல் சனி வரை ஒரு வாரத்துக்கு லெவாந்தோவில் ஒரே கட்டடத்தில் இரண்டு வீடுகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று தரைத்தளம். வாசலில் எத்தனை படி என்று எழுதிக் கேட்டேன். இரண்டு படி என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன்.