கீழே கடை, மேலே குடித்தனம்: கடைவீட்டில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

எங்கள் பெரியப்பா பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் அதே தெருவில், மசாலைச் சாமான் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேதான் குடித்தனம். பள்ளி விடுமுறை விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன்.

தெருவிலிருந்து பார்த்தால் குறுகலான முகப்பு. உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருக்கும். நடுவில் கூரையில்லாத முற்றம். வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான். கீழே மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மேலே எல்லோருக்கும் தும்மல்.

மாடி முன்னறை, கடை வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பலகைத் தரையில் சின்னதாக ஒரு சதுரத் துவாரம், மூடியோடு. ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் பெரியம்மா கீழே இறங்கமாட்டார். மூடியைத் தூக்கி, “யாரது?” என்பார். கீழே நிற்பவரின் உச்சந்தலை தெரியும், அப்புறம் அண்ணாந்து பார்க்கும் முகம். அந்த மூடியை யார் தூக்குவது என்று எனக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டை.

வாடகை வீடுதான். 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்ததால் காலம் ஓடியது. 1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2000 பிறந்ததும் வாடகை ஏறியது. அக்கம்பக்கத்தில் பல குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. பெரியப்பாவும் போனார். 2008இல் ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சந்தோஷப்பட்டேன், ஆனால் மனசு ஆறவில்லை. முகப்பை மட்டும் காப்பாற்றினால் போதாது. மாடியில் அடுப்பு எரிய வேண்டும், கொடியில் துணி காய வேண்டும். அப்போதுதான் அது கடைவீடு.

பதில்:

துவாரத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி. தைப்பிங்கில் எங்கள் கடைவீட்டிலும் உண்டு, கொஞ்சம் பெரியது. அந்த வழியாகக் கயிறு கட்டி அரிசி மூட்டையை மேலே இழுத்ததாக அப்பா சொல்வார். நாங்கள் இன்னமும் மாடியில்தான் இருக்கிறோம்.

பழைய கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். முன்பு குடியிருந்தவர்கள் கீழ்ச்சுவர் முழுக்கப் பூசியிருந்தார்கள். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் வெளியே காய்ந்துவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும். எங்கள் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, கையால் தேய்த்தால் மாவாகக் கொட்டியது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, திரும்பவும் சுண்ணாம்பு பூசினோம். இப்போது சுவர் உலர்ந்திருக்கிறது. அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடித்தாலே போதும்.

பின்கட்டுச் சுவர் இன்னும் பாக்கி இருக்கிறது. ஈப்போ பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.